பார்த்துரலாம் அண்ணனின் ஹீட்டர்

காரின் பானட்டைத் தூக்கி நிறுத்தியதும் அண்ணன் முதல் வேலையாக முந்தைய மெக்கானிக்கைத் திட்டுவார். "எந்த மகராசன் கை வெச்சானோ" என்று தொடங்கினால், ஸ்பானரை எடுக்கும்வரை அந்த முகம் தெரியாத மனிதனை விடமாட்டார். திட்டி முடித்தால்தான் அவருக்கு வேலை ஓடும். வண்டி கொண்டுவருகிறவர்களுக்கும் அது பிடிக்கும். தப்பு தங்கள் பேரில் இல்லை என்று ஆறுதலாக இருக்கும்.

அவர் வீட்டு மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். கீழே, வீட்டை ஒட்டியே பட்டறை. எதைக் கேட்டாலும் "பார்த்துரலாம்" என்பார், அதனால் எல்லோருக்கும் அவர் பார்த்துரலாம் அண்ணன். ஊரார் வண்டிகளைச் சொன்னபடி பார்த்தும் விடுவார். சொந்த வண்டி விஷயத்தில் மட்டும் அந்த வார்த்தைக்கு 'இப்போதைக்கு இல்லை' என்று பொருள். பனிக்காலம் தொடங்கியதிலிருந்து அதன் ஹீட்டர் குளிர்காற்றைத்தான் ஊதிக்கொண்டிருந்தது. அண்ணி அந்தக் காருக்கு 'ஐஸ் பெட்டி' என்று பெயர் வைத்து, கடைக்குப் போவதென்றாலும் மடியில் வெந்நீர்ப் பையோடுதான் ஏறுவார்.

இந்த நிலையில் அவர்கள் மகளுக்குக் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்துவர வேண்டிய நாள் காலையில் அண்ணி சொன்னார்: "பச்சப்புள்ளைய உங்க ஐஸ் பெட்டியில ஏத்த மாட்டேன். என் தம்பிகிட்ட சொல்லிட்டேன். மதியம் அவன் காரைக் கொண்டு வரான்."

அந்தத் தம்பி இன்சூரன்ஸ் விற்பவர். சீட்டே சூடாகும் கார் வைத்திருப்பவர். அதை எங்கே போனாலும் ஒரு தடவை சொல்லாமல் எழுந்திருக்காதவர். அண்ணன் பாதி காபியோடு டம்ளரை வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போனார். 'பார்த்துரலாம்' என்றுகூடச் சொல்லவில்லை. வேடிக்கை பார்க்க நானும் இறங்கினேன்.

இஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் தண்ணீர் குறையவில்லை. இஞ்சினை ஓடவிட்டதில் சூடு காட்டும் முள்ளும் ஒழுங்காக நடுவுக்கு வந்து நின்றது. ஹீட்டர் மட்டும் ஃப்ரிட்ஜைத் திறந்தது போல ஊதியது.

"உள்ள காத்து அடைச்சிருக்கு சார். இதெல்லாம் ஒரு வேலையா?" என்று சொல்லி, தண்ணீரில் சிக்கிய காற்றை வெளியேற்றிவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார். அதே குளிர்.

"ஒரு வேலைதான்" என்று ஒப்புக்கொண்டார்.

இஞ்சினிலிருந்து காருக்குள் போகும் இரண்டு ரப்பர் குழாய்களைக் காட்டினார். ஒன்றில் சுடுதண்ணீர் ஹீட்டருக்குள் போகும், மற்றதில் திரும்பி வரும். இரண்டுமே சுட வேண்டும். ஆனால், சூட்டிலேயே புழங்கிப் புழங்கிக் காய்ப்பேறிய அவர் விரல்களுக்கு எதுவும் உறைப்பதில்லை.

"நீங்க தொடுங்க சார்."

தொட்டேன். கையை உதறிக்கொண்டு குதித்தேன்.

"சுடுதா?"

"சுடுது."

"நல்லாவா, சுமாராவா?"

சிவந்த விரலைக் காட்டினேன். திருப்தியாகத் தலையசைத்தார். "சரி, இப்ப அடுத்தது."

அடுத்தது சில்லென்று இருந்தது. எரிச்சல் தணியட்டும் என்று விரலை அதன்மேலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

"போன தண்ணி திரும்பி வரல. ஹீட்டருக்குள்ளதான் அடைப்பு."

இஞ்சின் ஆறியதும் இரண்டு குழாய்களையும் கழற்றினார். தண்ணீர் வெளியே வரும் வழியில் தோட்டக் குழாயைச் செருகி எதிர்ப்பக்கமாகப் பாய்ச்சினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கார் ஒருமுறை செருமியது. காவி நிறச் சேறு பீறிட்டு என் சட்டையில் விழுந்தது. அண்ணன் என் சட்டையிலிருந்தே கொஞ்சம் வழித்து, தேய்த்துப் பார்த்தார். முகம் கடுத்துவிட்டது.

"ஒழுகல் அடைக்கிற பவுடர் சார் இது. ரேடியேட்டர் ஒழுகினா ரேடியேட்டரைச் சரி பண்ணணும். இதை ஊத்தினா ஹீட்டரும் சேர்ந்து அடைச்சுக்கும். எந்த மடப்பய ஊத்தினானோ. இவனெல்லாம் ஸ்பானர் பிடிக்கலன்னு யாரு அழுதா?"

சமையலறை ஜன்னலில் அண்ணியின் முகம் தெரிந்தது. "அந்த வண்டிய உங்களைத் தவிர வேற யாரும் தொட்டதில்லையே."

அண்ணன் கையில் ஒட்டியிருந்த சேற்றைத் துணியில் துடைத்தார்.

"அவசரத்துல ஊத்தியிருப்பான்" என்றார் மெதுவாக. "பாவம், அன்னிக்கு அவனுக்கு என்ன வேலையோ."

தண்ணீர் தெளிவாக வரும்வரை பாய்ச்சிவிட்டு, குழாய்களை மாட்டி, புதுக் கூலண்டை ஊற்றி, குமிழி அடங்கும்வரை இஞ்சினை ஓடவிட்டார். தம்பியின் கார் வாசலில் வந்து நின்றபோதும் நிமிரவில்லை.

அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். தம்பியின் காரைக் கடந்துபோய் ஐஸ் பெட்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் மூவரும் வெளியே நின்றோம். கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் கண்ணாடி இறங்கியது.

"தம்பி, நீ பையெல்லாம் ஏத்திக்கிட்டு வந்துரு. புள்ள இதுல வரட்டும்."

அண்ணன் என்னையும் ஏறச் சொன்னார். வழியில் அடைத்துக்கொண்டால் தொட்டுப் பார்க்க விரல் வேண்டுமாம்.

திரும்பும்போது பின்சீட்டில் மகளும் அண்ணியும், நடுவே குழந்தையும். வெளியே பனி. உள்ளே என் சேற்றுச் சட்டை காய்ந்து மொறமொறத்தது.

"என்னங்க, வேர்க்குது. கொஞ்சம் குறைங்க" என்றார் அண்ணி.

"என்ன சொன்ன? காதுல விழல."

"வேர்க்குதுன்னேன்."

"அப்படியா? இதோ, குறைச்சுட்டேன்."

கை ஹீட்டர் திருகுக்குப் போனது. அதைப் பிடித்தது, ஒரு தட்டுத் தட்டிக் கொடுத்தது, திருகாமலே ஸ்டீயரிங்குக்குத் திரும்பி வந்துவிட்டது.