நடுவிலிருந்து விளிம்புக்கு

ரமணி சிடியை ஆள்காட்டி விரலில் மாட்டிக்கொண்டு ட்யூப் லைட்டுக்கு நேராகச் சாய்க்கிறார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வாயைக் குவித்து ஒரு மூச்சு விடுகிறார். பனி படிந்து விலகும் இரண்டு நொடிக்குள் எல்லாக் கீறலும் பல்லை இளித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அந்த நேரத்தில் எதிரே நிற்பவர் "தம்பிதான் மிதிச்சான், தங்கச்சிதான் பிஸ்கட் கையால தொட்டா" என்று ஆரம்பித்தால், கண்ணை எடுக்காமலே சொல்வார்: "யாரு பண்ணான்னு எனக்கு வேணாம் லா. எப்படி ஆச்சு, அத மட்டும் சொல்லு."

பிரிக்பீல்ட்ஸில் சின்னையாவின் வீடியோ கடை வாசலில் அவருக்கு ஒரு மேசை உண்டு. மேலே ஒரு கிண்ணம் சோப்புத் தண்ணீர், கார் பாலிஷ், பற்பசை, பழைய வேட்டியைக் கிழித்த துண்டுகள். பக்கத்தில் சாம்பல் நிற கேம் மெஷின் ஒன்றும், அதோடு சேர்ந்த கிழட்டு டிவியும். ஊரில் உள்ள கேம் சிடி எல்லாம் அவர் கையில் வந்து போகின்றன. ஒன்றின் பெயரும் அவருக்குத் தெரியாது. "பந்து கேம்", "ஒதைக்கிற கேம்", "வண்டி கேம்" என்று மூன்றே வகைதான்.

தேய்ப்பது ஒரே விதம். நடு ஓட்டையிலிருந்து விளிம்பு வரை நேர்க்கோடு. பிறகு சிடியை ஒரு நூல் திருப்பி, இன்னொரு நேர்க்கோடு. வட்டமாகத் தேய்ப்பவரைக் கண்டால் கையைத் தட்டிவிடுவார். "மெஷின் வட்டமாத்தான் படிக்குது. குறுக்க போற கீறல அது தாண்டிக்கும். கூடவே சுத்தி வர்ற கீறல எப்படித் தாண்டும்?"

இந்தக் கண் பதினோரு வருடம் சுங்கை வேயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பழகியது. மைக்ராஸ்கோப்பில் குனிந்து சில்லுகளைப் பரிசோதிக்கும் வேலை. சில்லு கெட்டால் மேற்பார்வையாளர் கேட்கும் முதல் கேள்வி, "யாரு?" இயந்திரத்தைப் பார்க்கச் சொன்னவள் வாயாடி, குனிந்து நின்றவள் நல்ல பெண். தொண்ணூற்றெட்டில் ரிங்கிட் மதிப்பு சரிந்து ஆட்களைக் குறைத்தபோது வாயாடிகள் முதலில் வெளியே போனார்கள், ரமணியும் அவர்களில் ஒருத்தி. அட்டை, காலணி, நீல அங்கி எல்லாவற்றையும் வாசலிலேயே கழற்றி வாங்கிக்கொண்டார்கள். பரிசோதனைத் தாளில் அவர் குத்தும் 47 என்ற எண் போட்ட ரப்பர் முத்திரையை மட்டும் கேட்க மறந்துவிட்டார்கள். அது இப்போது மேசை டிராயரில் கிடக்கிறது. "அத வச்சிக்கிட்டு யாருக்கு பாஸ் போடப் போற?" என்று சின்னையா மாதம் ஒருமுறை கேட்பார். ரமணி டிராயரைத் தள்ளி மூடிவிடுவார்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, பகல் ஒரு மணிக்கு, பங்சாரிலிருந்து நடந்தே வந்து நின்றார் நல்லம்மாள். ஐம்பத்தைந்து வயது. ஒன்பது வருடமாக ஒரே பங்களாவில் பெருக்கி, துடைத்து, துலக்குபவர். முந்தானைக்குள்ளிருந்து ஒரு சிடியை எடுத்தார். அடிப்பக்கம் முழுக்க வெள்ளைப் புகை படர்ந்தது போலிருந்தது.

"எப்படிக்கா ஆச்சு?"

"வெள்ளி வெளக்கு தொலக்குனேன்மா, நாளைக்கு வெள்ளிக்கெழமையாச்சே. இதுவும் பக்கத்துல மங்கலா கெடந்திச்சு. அதையும் திருநீறு போட்டு ஒரு தேய் தேச்சிட்டேன்."

கடைக்குள்ளிருந்து சின்னையா எட்டிப் பார்த்தார். "திருநீறு பூசியாச்சா? ஒரு மால போட்டு செவுத்துல மாட்டிட வேண்டியதுதான்."

"வாய மூடுங்கண்ணே," என்றார் ரமணி.

வண்டி கேம். மூன்றாவது ரேஸில் அப்படியே நின்றுவிடுகிறதாம். பங்களாப் பையன் அழுதானாம்; அவன் அம்மா, தேய்த்தவள் யார் என்று மட்டும் கேட்டாராம். நாலு மணிக்குப் பையன் டியூஷனிலிருந்து வருவான். அப்போது அது ஓடாவிட்டால் நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். ஒன்பது வருடத்தின் கணக்கை முடிக்க ஒரு பிளாஸ்டிக் தட்டு போதுமென்று அந்த வீட்டில் நினைக்கிறார்கள். திருநீறு நல்ல துலக்குப் பொடி. வெள்ளியில் அழுக்கை எடுக்கும், பிளாஸ்டிக்கில் கோடு போடும். பொடிக்குப் பக்தியும் தெரியாது, பாவமும் தெரியாது.

ரமணி நாற்காலியை இழுத்துப் போட்டார். நல்லம்மாள் உட்காரவில்லை. ரமணி சிடியைச் சோப்புத் தண்ணீரில் அலசி, ஒற்றி எடுத்து, பாலிஷ் தொட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். நடுவிலிருந்து விளிம்புக்கு. அரை மணி நேரத்தில் புகை போய்விட்டது. மூச்சு விட்டுப் பார்த்தவர் அப்படியே நிறுத்தினார். அடியில் ஒரு வளையம், காம்பஸ் வைத்துக் கீறியது போலத் துல்லியமாக இருந்தது.

"அக்கா, இந்த மூணாவது ரேஸ்ல நிக்கிறது நீங்க தேய்க்கிறதுக்கு முந்தியே உண்டா?"

நல்லம்மாள் யோசித்தார். "போன வாரமே 'ஜாம் ஆச்சு'ன்னு கத்துனானேம்மா."

"மெஷின் ஓடுறப்ப அத நகத்துவானா?"

"ஹால்ல ஆடுவான், கார்ட்டூன் வந்தா ரூமுக்கு இழுத்துட்டு ஓடுவான். வயரோட."

"அதான். சுத்திக்கிட்டு இருக்கப்ப ஆட்டுனா உள்ள இடிச்சு இப்படித்தான் வெட்டும். எந்த மனுஷி கையும் இப்படி ரவுண்டு போட முடியாதுக்கா."

வளையம் முழுதாகப் போகாது; அதன் ஓரம் மழுங்கினால் போதும். இன்னும் ஒரு மணி நேரம் தேய்த்தார். மணி இரண்டே முக்கால். இனி ஓட்டிப் பார்க்க வேண்டும். அங்கேதான் சிக்கல். முதல் இரண்டு ரேஸில் ஜெயித்தால்தான் மூன்றாவது திறக்கும். ரமணிக்கு விளையாடத் தெரியாது. சின்னையா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் ரேஸில் மூன்று முறை கடலுக்குள் போனார்.

"அண்ணே, நீங்க லைசென்ஸ் எப்படி வாங்குனீங்க?"

"இது லோரி மாதிரி திரும்புது லா!"

நான்காம் முறை எப்படியோ ஜெயித்தார். இரண்டாவது ரேஸில் பாலத்துக்குப் பாலம் மோதினார். மணி மூன்றே கால். பின்னால் நின்ற நல்லம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "பாலத்துக்கு முன்ன பிரேக்க போடுங்க! இப்ப எடது, எடது... குகைக்குள்ள போவாதீங்க, அந்தப் பய எப்பவும் அங்கதான் மாட்டுவான்!" தினமும் தரை துடைத்துக்கொண்டே அவர் பார்த்திருந்த பாதை அது. சின்னையா வாயை மூடிக்கொண்டு சொன்னபடி ஓட்டினார். முதலாவதாக வந்தார்.

திரை கறுத்தது. ரமணி மெஷின் மூடியில் காதை வைத்தார். உள்ளே தடக்கென்று ஒரு திணறல், இன்னொன்று. பிறகு ஒரே சீரான ரீங்காரம். மூன்றாவது ரேஸின் மலைப்பாதை திரையில் விரிந்தது. கார் ஓடி முடியும் வரை காதை எடுக்கவில்லை அவர்.

"சுத்துது," என்றார் ரமணி.

நல்லம்மாள் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது. சின்னையா உள்ளே போய் மைலோ போட்டுக்கொண்டு வந்தார். ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தார் நல்லம்மாள். "ஓடுதுல்லம்மா, அது போதும். நான் ஒண்ணும் பேச மாட்டேன்."

"போதாதுக்கா." ரமணியின் குரல் உயர்ந்தது. "ஓடுதுன்னா மன்னிச்சிட்டேம்பாங்க. அடுத்த வாரம் அவன் திரும்ப மெஷின இழுப்பான், திரும்ப உங்க தலையிலதான் விடியும். செய்யாத தப்புக்கு எதுக்குக்கா மன்னிப்பு?"

வாடகை ரசீதுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கம் நிறுத்தி நிதானமாக எழுதினார். எழுதியதை வாய்விட்டுப் படித்தார்: "பொடி உரசல், மேலோட்டம், பாலிஷ் போட்டதும் போனது. விளையாட்டு நின்றதற்குக் காரணம் வட்டக் கீறல். மெஷின் ஓடும்போது நகர்த்தியதால் வந்தது. கையால் தேய்த்து வந்ததல்ல."

பிறகு டிராயரை இழுத்து, 47 முத்திரையை எடுத்தார். மைப்பட்டை எப்போதோ காய்ந்துபோயிருந்தது. ரப்பரில் ஒட்டியிருந்த பழைய மை இளகட்டுமென்று ரமணி முத்திரையை வாயருகே கொண்டுபோய், சிடிக்கு விடுவது போலவே ஒரு மூச்சு விட்டு, தாளின் ஓரத்தில் வைத்து, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார்.