முப்பத்தொன்றாம் மாடியில் ஒரு சாண்

நாற்பத்து மூன்று மாடி, நாலு பக்கம், ஒன்பதாயிரத்துச் சொச்சம் கண்ணாடி. வெளிப்புறமாகத் தொங்கும் கூண்டில் நின்று ஒரு சுற்று துடைத்து முடிக்க ஐந்து மாதம் ஆகும். அதற்குள் முதல் பக்கம் மறுபடி அழுக்காகியிருக்கும். தொலைபேசி நிறுவனத்தின் அந்தத் தலைமை அலுவலகத்தை அவர் இருபத்தாறு வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறார். ஊரில் யார் யாருக்கு வழி சொன்னாலும் அந்தக் கட்டடத்தை வைத்துத்தான் சொல்வார்கள். அவருக்கு அது தோள்பட்டை வலி.

கூண்டில் இரண்டு பேர். ஆளுக்கொரு முனை, ஆளுக்கொரு மோட்டார். பொத்தானை இருவரும் ஒன்றாக அழுத்த வேண்டும். ஒருவர் பிந்தினால் கூண்டு சாயும். மறுமுனையில் பதினோரு வருடமாக நிற்பவன் மனைவியின் தம்பி. வாய் ஓயாதவன்.

மூன்று வாரத்துக்கு முன் முப்பத்தொன்றாம் மாடியில் கூண்டு ஒரு சாண் சாய்ந்தது. வாளித் தண்ணீர் மச்சினன் காலில் கொட்டியது.

“மோட்டார் மக்கர் பண்ணுது மாமா” என்று புகார் எழுதிப் போட்டான். மெக்கானிக் இரண்டு தடவை கழற்றிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

அவருக்குத் தெரியும். அந்த நேரம் அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கை பொத்தானில் இல்லை, கம்பியைப் பிடித்திருந்தது. அதன்பின் இரண்டு முறை வந்துவிட்டது. சொன்னால் கூண்டு போய்விடும். கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்துமிடத்தைப் பெருக்கப் போட்டுவிடுவார்கள். வாயைத் திறக்கவில்லை.

வீட்டு அடுப்படி ஜன்னலிலிருந்து கட்டடம் தெரியும். கூண்டு சாய்ந்த அன்று மாலை மனைவி கேட்டாள்: “கூண்டு அரை மணி நேரம் ஒரே இடத்துல நின்னுச்சே, கதை அடிச்சீங்களா?”

“உன் தம்பிகூட நின்னா வேற என்ன நடக்கும்?”

வியாழக்கிழமை காலை மச்சினன் பெல்ட்டை மாட்டிக்கொண்டு கூண்டில் ஏறினான். ஒருவர் கேட்டு மற்றவர் ‘சரி’ சொல்லாமல் அவர்கள் ஒரு நாளும் இறங்கியதில்லை.

“இறங்கலாமா மாமா?”

அவர் தன் பெல்ட்டின் கொக்கியைப் பிடித்தபடி மொட்டை மாடியிலேயே நின்றார்.

“என்ன, உள்ள இருக்கறவங்க ஃபோன் போட்டுக் கூப்பிடணுமா?”

“மோட்டார்ல ஒண்ணுமில்ல மாப்ளே. அன்னைக்கு எனக்குத்தான் கண்ணு இருட்டுச்சு.”

மச்சினன் காலுக்குக் கீழே பார்த்தான். மெதுவாக வெளியே வந்தான்.

“மூணு வாரம், மாமா. மூணு வாரமா இதைத் தெரிஞ்சுக்கிட்டே என்கூட இறங்கியிருக்கீங்க.”

அவர் பெல்ட்டைக் கழற்றிக் கீழே வைத்தார்.

“அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா திட்டு எனக்குத்தான் விழும்.”

இருவரும் மேற்பார்வையாளர் அறைக்குப் போனார்கள். திங்கட்கிழமை முதல் அவருக்குக் கீழ்த்தளத்தில் வேலை. கூண்டில் அவர் நின்ற முனைக்கு இன்னும் ஆள் போடவில்லை. மேற்குப் பக்கம் பாதியில் நிற்கிறது.