சேலையில் இருந்த தண்ணீர்

மழை அதிகமென்று விடுமுறை விட்டால், புணேயில் இப்போது பள்ளிக்கூடம் வீட்டுக்கே வந்துவிடுகிறது. போன வாரம் விமான் நகரில் மகன் வீட்டில், பேத்தியின் இணைய வகுப்பை அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் மேகங்கள் தாமாக நகர்ந்தன. டீச்சர் ஒரு கேள்வி கேட்டார். கட்டம் கட்டமாகத் தெரிந்த முகங்களில் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை.

"உனக்குத் தெரியாதாம்மா?" என்றேன்.

"தெரியும் தாத்தா. பட், யாரும் சொல்லல. நான் மட்டும் ஏன்?"

டீச்சர் காத்துக்கொண்டே இருந்தார். நான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன்.

நான் சிறுவனாக இருந்தபோது, அம்மா இறந்த மறுவருடம், இதே புணேயில் தாபோடியில் இருந்த எங்கள் குவார்ட்டர்ஸுக்கு அத்தை வந்தார். அப்பாவின் தங்கை. தாத்தா அவரைத் திருநெல்வேலியிலிருந்து அனுப்பியது எனக்குச் சோறு பொங்கிப் போட. அவர் ரயிலேறியது பி.எட். படிக்க. அதுவரை எனக்குப் பேச்சுத்துணை இல்லை. அப்பா தொழிற்சாலையிலிருந்து வந்து சாப்பிட்டுத் தூங்குவார். குவார்ட்டர்ஸ் பையன்கள் மராத்தியில் கத்திக்கொண்டு கிரிக்கெட் ஆடுவார்கள். என்னை 'மதராசி' என்று கூப்பிட்டு, பந்தே வராத மூலையில் நிறுத்திவைப்பார்கள்.

அத்தை எதையும் திட்டம் போடாமல் செய்யமாட்டார். எந்தக் கேள்வியை எப்போது கேட்பது, பிள்ளைகள் என்ன பதில் சொல்வார்கள், அதன் பிறகு எந்தப் படத்தைக் காட்டுவது என்று ஒவ்வொரு பாடத்தையும் நிமிடவாரியாக எழுதுவார். பிறகு வீட்டில் ஒத்திகை நடக்கும். தலையணைகளும் அரிசி டப்பாவும் நானும் மாணவர்கள்.

"ஏல அரிசி டப்பா, அங்க என்ன பராக்கு?" என்று அதட்டுவார். நான் சிரித்தால், "கிளாஸ்ல என்ன சிரிப்பு, பல்லு விழுந்த பய!" என்பார்.

இறுதித் தேர்வுக்கு என் பள்ளியில், என் வகுப்பிலேயே பாடம் எடுக்க அவருக்கு வாய்த்தது. பாடம் நீர் ஆவியாவது. கல்லூரியில் ஸ்லைடு புரொஜெக்டர் இரவல் கொடுத்தார்கள். படங்களை நாங்களே செய்தோம். செலோபன் தாளில் மையால் வரைந்து, இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு இடையில் வைத்து ஒட்டினோம். முதல் படம், கொடியில் காயும் ஈரச்சேலை. அதற்கு நான்தான் நீலம் தீட்டினேன்.

"சேலைல இருந்த தண்ணி எங்கல போச்சு?"

"காத்துல போச்சு அத்தை."

"அத்தையா? டீச்சர்னு சொல்லு. நாளைக்கு இப்படிச் சொன்னா மானம் போயிரும்."

அன்றிரவு அப்பா அவரிடம், "பாஸாயிட்டா நாசிக்ல வேலை இருக்காம். ஹாஸ்டல்லயே இருந்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. பாஸானால் அத்தை போய்விடுவார், ஆகாவிட்டால் இருப்பார். எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

மறுநாள் வகுப்பில் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடினார்கள். கடைசி பெஞ்சில் தேர்வாளர் உட்கார்ந்திருந்தார். சுவரில் எங்கள் நீலச்சேலை பெரிதாக விரிந்தது. அத்தை ஆங்கிலத்தில் கேள்வியைக் கேட்டார். இருட்டுக்கும் புதிய மனிதருக்கும் பயந்து வகுப்பே உறைந்திருந்தது. மறுபடி கேட்டார். ஆசிரியர் தாமே பதில் சொல்லிவிடக் கூடாது, மாணவரிடமிருந்துதான் அதை வரவழைக்க வேண்டும் என்பது அவர்கள் கல்லூரியின் விதி. அத்தை என்னைப் பார்த்தார். நான் டெஸ்க்கைப் பார்த்தேன்.

புரொஜெக்டர் விளக்கின் சூட்டைச் செலோபன் தாங்காது என்று படத்தை உடனுக்குடன் மாற்றவும் திட்டத்தில் இடம் வைத்திருந்தார். ஆனால் பதில் வராமல் அடுத்த படத்துக்குப் போக முடியாது. அவர் காத்திருந்தார். சேலையின் ஓரம் பழுப்பானது. கொப்புளித்தது. நான் தீட்டிய நீலம் சுருண்டு சுருண்டு நடுவில் ஒரு ஓட்டை விழுந்தது. யாரோ சிரித்தார்கள். பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. அப்போதும் நான் சொல்லவில்லை. தீய்ந்த வாடை வந்ததும் தேர்வாளரே எழுந்து, "பஸ், பஸ், பந்த் கரோ" என்று இந்தியில் போதும், நிறுத்துங்கள் என்றார்.

"பிள்ளைங்க மேல தப்பு இல்ல அண்ணே," என்று அத்தை சாயங்காலம் அப்பாவிடம் சொன்னார். "புது ஆளு வந்து உக்காந்தா பயப்படத்தான செய்யும்?"

"இவன் இருந்தானே?"

"இவனும் சின்னப்பயதான."

எனக்கு அன்று அப்பளம் கூடுதலாகவே கிடைத்தது.

அத்தை தேறவில்லை. தேறாவிட்டால் ஊருக்குத் திரும்பி, தாத்தா பார்த்துவைத்திருந்தவருக்கு இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட வேண்டும் என்ற வாக்கின் பேரில்தான் அவரைப் படிக்கவிட்டிருந்தார்கள். இதை அப்பா எனக்குச் சொன்னபோது நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அதற்குள் அத்தைக்கு மூன்று குழந்தைகள். அவர் பிறகு எந்த வகுப்பறையிலும் நிற்கவில்லை. உண்மையை அவரிடம் சொல்ல எனக்கு எத்தனையோ கல்யாணங்களும் கோடை விடுமுறைகளும் வாய்த்தன. சொல்லவில்லை. இப்போது அவர் இல்லை.

தேர்வு முடிவு வந்து அத்தை கிளம்பிய அன்று, ஊருக்குப் போகிறவர் விடுமுறை முடிந்ததும் வந்துவிடுவார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதனால் ரயில் நிலையத்தில் அழக்கூட இல்லை. அப்பா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். அத்தை ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கம் கையை நீட்டி என் தலையைத் தடவியபடி, விளையாட்டாகக் கேட்பதுபோலக் கேட்டார்.

"சேலைல இருந்த தண்ணி எங்கல போச்சு?"

"காத்துல போச்சு, டீச்சர்!" என்றேன், சட்டென்று, பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கும்படி.

தலையில் இருந்த கை அப்படியே நின்றது. என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையை உள்ளே இழுத்துக்கொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தார். இன்ஜின் கரி கண்ணில் விழுந்துவிட்டது என்று நினைத்தேன். இந்த முறை 'டீச்சர்' என்று சரியாகச் சொல்லிவிட்டதில் எனக்கு ஒரே பெருமை.