பேஸ்மென்ட்டில் கூடிய ஏதென்ஸ் சபை

பண்டைக் கிரேக்கத்தைப் படித்தால்தான் குழந்தைகளின் மூக்கைத் துடைக்கலாம் என்று கியூபெக்கில் யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது. டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குள் குனிந்து குனிந்து கூட்டியதில் என் இடுப்பு விட்டுப்போயிருந்தது. கார்தெரி என்று சொல்லும் குழந்தைகள் காப்பகத்தில் வேலை எடுக்கலாம் என்று கல்லூரியில் சேர்ந்தேன். பொதுப்பாடம் ஒன்று கட்டாயம் என்றார்கள். மாலை வகுப்பில் இடம் இருந்தது பண்டைக் கிரேக்கரின் அன்றாட வாழ்க்கைக்கு மட்டும்தான். விதியே என்று எடுத்தேன்.

லவாலுக்கு மெட்ரோ வந்த புதிது அது. எங்கள் வீடு அங்கேதான். வீடு வாங்கும்போது என் கணவர் சமையலறையை எட்டியும் பார்க்கவில்லை. நேரே பேஸ்மென்ட்டுக்கு இறங்கினார். சனிக்கிழமைகளில் அவருடைய கூட்டாளிகள் ஐந்து பேர் வருவார்கள். சுவரோரம் சோபாக்கள். ஆளாளுக்குச் சாய்ந்து, முழங்கையை ஊன்றி, உலகத்துப் பிரச்சினைகளை எல்லாம் தீர்த்து வைப்பார்கள். நான் மேலே கணவாய் மீன் பொரித்து, தட்டைப் படியின் பாதியில் வைத்துவிட்டுத் திரும்புவேன். வராதே என்று யாரும் சொன்னதில்லை. நான் போனால் கதை நின்றுவிடும், அவ்வளவுதான்.

பரீட்சைக்கு முந்திய சனிக்கிழமை அந்தக் கணவாய் என்னைப் புத்தகம் திறக்க விடவில்லை. பரீட்சையில் ஏதென்ஸ் குடிமகன் ஒருவனின் வீட்டில் விருந்து எப்படி நடந்தது என்று கேள்வி வந்தது. ஐயோ கடவுளே! வைனில் தண்ணீர் கலப்பார்கள் என்பது மட்டும்தான் நினைவில் இருந்தது. வேறு வழியில்லாமல் எங்கள் பேஸ்மென்ட்டையே எழுதினேன். விஸ்கி வைனானது, சோடா தண்ணீரானது. எவ்வளவு கலப்பது என்று தீர்மானிக்கும், கூட்டாளிகளில் மூத்த அண்ணையை விருந்துத் தலைவர் ஆக்கினேன். வீட்டுப் பெண் அந்த அறைக்குள் வருவதில்லை, மேலேதான் இருப்பாள் என்றும் எழுதினேன். கணவாயை மாற்றவில்லை, அவர்களுக்கும் கடல் இருந்ததுதானே.

வகுப்பிலேயே எனக்குத்தான் கூடிய புள்ளி. “நேரில் இருந்து பார்த்தது போல” என்று ஆசிரியை ஓரத்தில் எழுதியிருந்தார். மேலே இருந்த பெண் என்ன நினைத்தாள் என்பதையும் சொல்லியிருக்கலாமாம்.

அடுத்த வகுப்பு செவ்வாயும் வியாழனும் மாலையில். அதை எடுக்காவிட்டால் சான்றிதழ் இல்லை. பழையபடி விமானமும் விளக்குமாறும்தான். பதிவுக்குத் திங்கட்கிழமை கடைசி நாள். கணவரைக் கேட்டால், “பேந்து பாப்பம்” என்று தள்ளிப்போட்டார்.

சனிக்கிழமை வந்தது. எங்கள் சமையலறைத் தரையில் சூட்டுக் காற்று வரும் ஓட்டை ஒன்று உண்டு. கீழே கதைப்பதெல்லாம் அதன் வழியே கேட்கும்.

“என்ரை மனிசி கிரேக்கம் படிச்சு முதலாவதா வந்திருக்கிறா, தெரியுமே?” என்றார் என்னவர். கீழே கைதட்டினார்கள். பொய் சொல்வானேன், எனக்கு உச்சி குளிர்ந்தது.

“ஆனா அடுத்தது கிழமையிலை ரெண்டு பின்னேரம். பிள்ளையளை ஆர் பாக்கிறது? அவவும் களைச்சுப் போடுவா, பாவம்.”

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம்!

“படிச்சா வாய் நீளும்” என்றது ஒரு குரல்.

“அது இப்பவே நீளம்தான்” என்றார் என்னவர். சிரிப்பு.

“கார்தெரியிலை நல்ல வேலை. அவ படிக்கட்டும் விடு” என்றார் இன்னொருவர்.

கடைசியில் மூத்த அண்ணை தொண்டையைச் செருமினார். “சண்டை வேண்டாம். சனநாயகமாச் செய்வம். ஓம் எண்டிறவை கையைத் தூக்குங்கோ.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படிப்பு என்னுடையது, உளையும் இடுப்பு என்னுடையது, வாக்கெடுப்பு கீழே! ஏதென்ஸில் பெண்ணுக்கு வாக்கு இல்லை, சட்டக் காரியம் எதற்கும் அவளுக்காகப் பேச ஓர் ஆண் வேண்டும் என்று படித்திருந்தேன். அவளுக்கு ஒருவர் போதும். எனக்கு ஆறு பேர் வேண்டியிருந்தது.

“அஞ்சு கை. காணும், முடிஞ்சுது” என்றார் அண்ணை.

என்னவர் படியேறி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. “இஞ்சரும், நீர் படிக்கலாம். எல்லாருமாச் சேர்ந்து முடிவெடுத்திட்டம்.”

“கீழை எத்தினை பேர் இருக்கிறியள்?”

“ஆறு பேர். ஏன்?”

“அஞ்சு கைதானே எழும்பினது. தூக்காத ஆள் ஆர்?”

அவர் தரையில் இருந்த ஓட்டையைப் பார்த்தார். பிறகு அடுப்பைப் பார்த்தார். “கணவாய் கருகுது போலை” என்றார்.

“ஓம், கருகுது” என்று கரண்டியை அவர் கையில் கொடுத்தேன். “செவ்வாயும் வியாழனும் இனி நீங்கள்தான். இண்டைக்கே பழகுங்கோ.”

பொரித்து வைத்திருந்த தட்டை எடுத்துக்கொண்டு, பாதிப் படியில் நிற்காமல் கீழே இறங்கினேன். அவருடைய சோபா காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்தேன். கதை நின்றுவிட்டது.

“நிப்பாட்டாதேங்கோ அண்ணை” என்றேன். “என்னைப் பற்றித்தானே கதைச்சனீங்கள்.”