தேனீ பார்க்க வேண்டிய வேலை

இடது கண் வீங்கி மூடிக்கொண்டதால் மலைப்பாதையின் இடப்பக்கத்துப் பள்ளம் எனக்குத் தெரியவில்லை. வலப்பக்கத்துப் பாறையை ஒட்டியே இறங்கிக்கொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதில் ஒரு லுங்கி, ஒரு சட்டை, ஒரு போர்வை. கல்வராயன் மலையில் தேனீப்பெட்டி வைத்திருந்த ஒருவரிடம் மழைக்காலம் முழுக்க வேலை பார்த்தேன். மார்கழி பிறந்ததும் அவர் பெட்டிகளை லாரியில் ஏற்றித் தெற்கே கிளம்பிவிட்டார். அங்கே வேறு பூ பூத்திருக்கிறதாம். கூட வருகிறாயா என்று கேட்டார். வரவில்லை என்றேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. ஒரே இடத்தில், ஒரே ஆளிடம் அதிக நாள் என்னால் இருக்க முடிந்ததில்லை. கடைசிப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டும்போது மூடி நழுவியது. ஒரு தேனீ என் இமையில் கொட்டிவிட்டுப் போனது.

மலை அடிவாரத்தில் ஒரு டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்து, வீக்கத்தின் மேல் டீ கிளாசை ஒற்றி எடுத்தேன். சூடு இதமாக இருந்தது.

"இன்னாய்யா மூஞ்சி இது? யார்னா அடிச்சிட்டாங்களா?" என்றார் கடைக்காரர்.

"தேனீ."

"எத்தினி?"

"ஒண்ணுதான்."

"ஒண்ணுக்கே இப்படின்னா, கூட்டமா வந்திருந்தா உன்ன மூட்ட கட்டித்தான் எறக்கியிருக்கணும்."

தேனீப்பெட்டியில் வேலை பார்த்தவன் என்று தெரிந்தால் போதும், எந்த ஊரிலும் ஜனங்கள் உலகத்துப் பூச்சிக்கெல்லாம் என்னிடம் கணக்குக் கேட்பார்கள். நான் எட்டாவதோடு நின்றவன். ஆறு கால் இருந்தால் பூச்சி, எட்டு இருந்தால் அது வேறு ஜாதி, சிலந்தி பூச்சியே இல்லை என்பதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து என்னோடு வந்த பாடம். மற்றதெல்லாம் பெட்டிக்காரர் சொன்னது. அவர் சொன்னதில் எது நிஜம், எது அவராகச் சொன்னது என்று எனக்குத் தெரியாது.

"கொட்டினா அது செத்துடுமாமே, நெசமா?" என்றார் கடைக்காரர்.

"தேனீ செத்துடும். குளவி சாவாது. அது திரும்பத் திரும்பக் கொட்டும்."

"அப்ப குளவிதான் கெட்டிக்காரன். சரி, இந்த ஈ இருக்குதே, எந்நேரமும் கையத் தேச்சிகினே குந்தினு இருக்குது. இன்னாத்துக்கு?"

"அது காலாலதான் ருசி பாக்குமாம். அழுக்கு இருந்தா ருசி தெரியாது. அதான் தொடச்சிக்குது."

"என் கடையில வந்து தொடச்சிக்குது. சரி, விளக்கப் பாத்தா பூச்சி ஏன் வந்து வுழுது?"

"தெரியாது."

"கொசுவால யாருக்கு இன்னா பிரயோஜனம்?"

"தட்டான் தின்னுது. மீன் தின்னுது."

"அதுங்களுக்குச் சோறு போட என் ரத்தந்தான் கெடச்சுதா?"

டீ குடிக்க வந்தவர்கள் சிரித்தார்கள். பெஞ்சின் மறுகோடியில் இருந்த ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. ஐம்பது வயது இருக்கும். காலடியில் மண்வெட்டி. டீயைக் குடித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பூவுல பூச்சி வுழுந்தா பூ கொட்டுமா?"

"எந்தப் பூச்சி?"

"அது தெரிஞ்சா உன்ன ஏன் கேக்கறேன்? பரங்கி போட்டிருக்கேன். பூவு பூக்குது, பிஞ்சும் வருது. கட்ட விரல் அளவு ஆவுது, அப்பறம் மஞ்சளாயி வெம்பிக் கொட்டிடுது. பூவுக்குள்ள பாத்தா எப்பவும் ஏதோ ஒண்ணு பூந்துகினு இருக்குது. மருந்து வாங்கி வெச்சிட்டேன். உனுக்கு மருந்து அடிக்கத் தெரியுமா?"

தெரியும் என்றேன். மக்காச்சோளத்தில் படைப்புழு ஏறிய வருஷம் சங்கராபுரம் பக்கத்தில் காடு காடாக அந்த வேலைதான் செய்தேன். டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு குருத்துக்குள்ளும் அடிக்க வேண்டும். ஒரு நாள் காற்றுக்கு எதிரே நடந்துவிட்டேன். வரப்பில் விழுந்து கிடந்தவனை யாரோ வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு வாரம் எதைத் தின்றாலும் இரும்பை நக்கியது போல இருந்தது. பிறகு அதுவும் சரியாகிவிட்டது. வேலை என்றால் வேலைதான்.

அவர் வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டார். வடக்கனந்தல் தாண்டி ஒரு வாய்க்காலை ஒட்டி நிலம். சொந்தம் இல்லை, குத்தகை. அதற்கு முன் அவர் பயிர் வைத்ததெல்லாம் கரும்பு, மரவள்ளி, சோளம். எதுவும் காய்ப்பதற்குத் தேனீயை எதிர்பார்க்கிற பயிர் இல்லை. அவருக்குத் தெரிந்தவரை வயலில் பூச்சி என்றால் தின்ன வந்தது, அடிக்க வேண்டியது. நிலத்துக்காரர் இடத்தைக் கரும்புக்கு வேறு ஆளிடம் கொடுக்கப் பேசிக்கொண்டிருந்தாராம். பரங்கி போட்டுக் காட்டுகிறேன், தை மாசத்தில் பொங்கலும் கல்யாணமுமாக நல்ல விலை போகும் என்று இவர்தான் வாய்விட்டிருந்தார். காய் பிடித்தால் நிலம் இவர் கையில் இருக்கும். இல்லையென்றால் பழையபடி அடுத்தவர் வயலுக்குக் கூலிக்குப் போக வேண்டும். வண்டி ஓட்டிக்கொண்டே இதை அவர் வேறு யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கொடி நன்றாகத்தான் ஓடியிருந்தது. இலை முறம் முறமாக இருந்தது. ஆனால் வாய்க்கால் ஓரத்தில் முற்றிக்கொண்டிருந்த சில காய்களைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அவர் மனைவி கொடிக்கு நடுவே குனிந்து, விழுந்த பிஞ்சுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"மருந்து அடிக்கிற ஆளு வேணும்னா, மருந்து குடிச்ச ஆளக் கூட்டினு வந்திருக்கியே!"

"தேனீ கொட்டிச்சாம்."

"அதையும் பூச்சியாலயே வாங்கினு வந்துட்டாரா? வாங்க, அண்ணா. சோறு இருக்குது."

சாப்பிட்டுவிட்டு, பிஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கத்தியால் கீறிப் பார்த்தேன். பழ ஈ முட்டையிட்டிருந்தால் உள்ளே வெள்ளைப் புழு நெளியும். புழு இல்லை. துளை இல்லை. வெறுமனே சுருங்கியிருந்தது.

"இதுல பூச்சியே இல்லியே," என்றேன்.

"உள்ள இல்லன்னா மேல இருக்கும்," என்றார் அவர். "கார்த்திகையில பத்துப் பன்னெண்டு காயி புடிச்சுது. மார்கழி பொறந்ததும் நின்னுபோச்சி. பனிக்கு ஒரு தினுசுப் பூச்சி வரும்னு கடையில சொன்னாங்க. நாளைக்குக் காலையில பூவு விரியறப்பவே அடிச்சிடணும்."

அந்த நேரத்தில் தெருவிலிருந்து இரண்டு பெண்கள் கூடையோடு வரப்பில் வந்தார்கள். மறுநாள் விடிகாலையில் கோலத்தில் வைக்கப் பரங்கிப் பூ வேண்டும். சாணி உருண்டை பிடித்து நடுவில் செருகுவார்கள். மார்கழி முழுக்க எல்லா வாசலிலும் இதுதான். மறுநாள் விரியப்போகிற மொட்டு முந்தின சாயங்காலமே மஞ்சள் காட்டும். அதைப் பறித்துத் தண்ணீரில் போட்டு வைத்தால் விடிகிற நேரத்தில் விரிந்துவிடும்.

"பிஞ்சு வெச்ச பூவத் தொடாதீங்க," என்று அவர் மனைவி குரல் கொடுத்தார். "நீட்டுக் காம்பு இருக்குதே, அந்த மலட்டுப் பூவாப் பாத்துப் பறிச்சிக்குங்க. ஒண்ணு வுடாம எடுங்க. கொடி சத்தெல்லாம் அதான் உறிஞ்சுது."

"தெனைக்கும் நாங்கதானே அக்கா உன் கொடிய சுத்தம் பண்றோம்," என்றாள் ஒருத்தி.

"எத்தன வீட்டுக்குப் பூ போவுது?" என்று கேட்டேன்.

"ரெண்டு தெருவுக்கும் இங்கருந்துதான்," என்றார் புருஷன். அதைச் சொல்லும்போது கொஞ்சம் பெருமை இருந்தது. "வேற யாரு பரங்கி போட்டிருக்காங்க?"

மலையில் ஒரு குடிசை ஓரம் ஒரே ஒரு பரங்கிக்கொடி இருந்தது. பெட்டித் தேனீக்கள் காலையில் அதற்குத்தான் முதலில் போகும். நீண்ட காம்புள்ள பூவுக்குள் விழுந்து புரண்டு, உடம்பெல்லாம் மஞ்சள் பொடியோடு வெளியே வரும். அப்புறம் பக்கத்துப் பூவுக்குள் போகும். பெட்டிக்குத் திரும்பும்போது கூட முதுகில் மஞ்சள் ஒட்டியிருக்கும். அதை மட்டும் சொன்னேன். அந்தக் கொடியில் இந்த மலட்டுப் பூவை யாரும் பறித்து நான் பார்த்ததில்லை, அங்கே காய் இருந்தது என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவர் மனைவி கூடையிலிருந்து ஒரு மொட்டை எடுத்தார். இதழைக் கிழித்தார். நடுவில் ஒரு தண்டு. விரலால் தேய்த்துப் பார்த்தார், பொடி ஒட்டியது. விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"யோவ், இது ஆம்பளப் பூவுய்யா," என்றார் புருஷனைப் பார்த்து.

"பூவுல இன்னா ஆம்பள, பொம்பள?"

"நான் சின்ன சேலம் பக்கத்துல வெதப்பருத்திக் காட்டுக்கு கிராசிங் போவலியா? தாவணி போடறதுக்கு முன்ன இருந்து போனேனே. ஒரு பக்கம் ஆம்பளச் செடி, ஒரு பக்கம் பொம்பளச் செடி. காலையில ஆம்பளப் பூவப் பறிச்சாந்து இதும்மேல தேச்சாத்தான் காயி. பூச்சி பூந்துடும்னு சாயங்காலமே செவப்புக் காகிதம் சுத்தி வெப்போம். ஒரு பூவ மூட மறந்துட்டா மேஸ்திரி வாயில வராத பேச்சு இல்ல. வேற செடிப் பொடிய பூச்சி கொண்டாந்துடுமாம்." நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அங்க அது திருட்டு. இங்க அதான் வேல போல."

"அப்ப இத்தினி நாளு உனுக்குத் தெரியலியா?"

"அது பருத்திய்யா. இது பரங்கி. எனுக்குத் தோணவேயில்ல."

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "கோலத்துக்குப் பூ குடுத்தா காய் போயிடுமா? எங்கப்பன் காலத்துல குடுக்கல? அப்ப காய்க்கல?"

"அப்ப வூட்டுக்கு வூடு வேலியில ஒரு கொடி இருந்துது. அவங்கவுங்க ரெண்டு பூவு எடுத்தாங்க. இப்ப ரெண்டு தெருவும் உன் ஒரு காட்டுல கை வெக்குது."

"பூச்சியத்தான் என் கண்ணால பாத்தேனே!"

"அது வந்து பாத்துட்டு, ஒண்ணும் இல்லன்னு திரும்பிப் போயிருக்குது."

இரண்டு பெண்களும் கூடையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். பறித்ததை எடுத்துப் போங்கள், இனிமேல் பறிக்காதீர்கள் என்று அனுப்பிவைத்தார் அவர் மனைவி. புருஷனிடம் மருந்தைத் தள்ளிப்போடச் சொன்னார். தள்ளிப்போட்டால் பூச்சி பெருகும் என்றார் அவர். இருந்த பிஞ்சே விழுகிறது, பெருகி வந்து எதைத் தின்னப்போகிறது என்றார் இவர். என்னைப் பொறுத்தவரை, மருந்து அடித்தால் மறுநாள் எனக்குக் கூலி, அடிக்காவிட்டால் இல்லை. மோட்டார் கொட்டகையில் போர்வையை விரித்துப் படுத்துவிட்டேன்.

விடிவதற்கு முன் அந்த அம்மாதான் வந்து எழுப்பினார்.

"எழுந்திருங்க அண்ணா. மருந்துக்குப் பேசின கூலியே தரேன். கிராசிங் வேல."

பனி கொடிமேல் இறங்கியிருந்தது. அந்தக் குளிரில் தேனீ ஒன்றுகூட வெளியே வராது. வெயில் ஏறித்தான் வரும், அதற்குள் பூ பாதி வாடிவிடும் என்றார் அந்த அம்மா. முந்தின சாயங்காலம் அந்தப் பெண்களின் கைக்குத் தப்பிய மொட்டுகள் காட்டின் அந்தக் கோடியில் விரிந்திருந்தன. செய்முறையை ஒரு தடவை காட்டினார். நீண்ட காம்புள்ள பூவைப் பறித்து, இதழை மடித்துக் கிழித்துவிட்டு, நடுத்தண்டைப் பிஞ்சுப் பூவின் நடுவில் மெதுவாகத் தடவ வேண்டும். ஒரு பூவை வைத்து மூன்று நான்கு பிஞ்சைத் தடவலாம். அழுத்தக் கூடாது.

"கொட்டின தேனீக்கே கூலிக்கு வந்துட்டீங்க," என்று சிரித்தார்.

நடுவில் என்னை வரப்புக்கும் அனுப்பினார். பூவுக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு கிழவி விடவில்லை.

"ஒரு பூவு குடுத்தா உங்க சொத்து அழிஞ்சிடுமா?"

"செம்பருத்தி வெய்யுங்க, ஆயா."

"பரங்கிப் பூவு வெக்காத கோலம் ஒரு கோலமா? மூஞ்சி வீங்கினவன வெச்சி வெரட்டறாங்க பாரு!"

திட்டிக்கொண்டே போனார். நான் விட்ட இடத்துக்குத் திரும்பினேன்.

அந்த அம்மாவின் புருஷன் வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டேங்கு, அதன்மேல் மருந்துப் பாட்டில். மூடி திறக்கவில்லை. நாங்கள் வரிசை வரிசையாகக் குனிந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெயில் வந்தது. ஒரு தேனீயும் வந்தது. நான் தடவி முடித்த பூவுக்குள் போய்விட்டு, அடுத்ததற்குப் போனது. அவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொடிக்குள் இறங்கினார்.

"இதுல எதுய்யா ஆம்பள?"

காம்பைக் காட்டினேன். அவர் ஒன்றைப் பறித்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார்.