பச்சைத் தாடையும் மஞ்சள் குழந்தையும்

நர்ஸ் பிள்ளைகளுக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்துவிடலாம். பார்க்கக் கற்றுக்கொடுப்பதுதான் பெரும்பாடு. இந்த வேலையில் சீரழிந்தவர்களுக்கு என் பாடு புரியும். தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் ஒரு நர்ஸிங் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். வாரம் ஒரு வகுப்பில், சுவரில் நானே அடித்த ஆணியில் ஓர் ஓவியத்தை மாட்டிவைத்து, கண்ணில் பட்டதை மட்டும் சொல்லுங்கள் என்பேன். என்னை ஒருத்தரும் நம்பவில்லை.

பரீட்சைக்கு எது வரும்

முதல் படத்தில் பச்சைச் சேலை கட்டிய ஒருத்தியின் மடியில் குழந்தை. நான் ஏதோ பொறி வைத்திருப்பதுபோல எல்லோரும் படத்தை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள்.

திசையன்விளைக்காரி செல்விதான் குழந்தையின் தாடை பச்சையாக இருக்கிறது என்றாள். சேலையின் நிறம் அடிக்கிறது, சேலையை விட்டு விலக்கினால் போய்விடும் என்றேன். அவள் கண்ணில் சந்தேகம் குறையவில்லை. “டீச்சர், எதையோ மறைக்கிய. பரீட்சைக்கு எது வரும்னு சொல்லிருங்க.”

ஆணி

பாடத்தை நடத்தாமல் பொழுதை ஓட்டுகிறேன் என்று தலைமையாசிரியைக்குச் சந்தேகம். ஒருநாள் வந்து, படத்தின் பின்பக்கத்தைக்கூடத் திருப்பிப் பார்த்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. “வார்டுல இதால என்ன பிரயோசனம்னு இந்த மாசத்துக்குள்ள காட்டுங்க. இல்லன்னா ஆணியப் பிடுங்கிருவேன்.”

மஞ்சள் சேலை

அதே மாதம் மாணவிகளோடு போன பிரசவ வார்டில், திருச்செந்தூருக்கு நேர்ந்துகொண்டு மஞ்சள் சேலை கட்டியிருந்த ஒரு தாய். மடியில் கிடந்த குழந்தையும் மஞ்சளாகத் தெரிந்தது. சேலை நிறம்தான் அடிக்கிறது என்று எல்லோரும் கடந்துபோனார்கள், நான் உட்பட. செல்வி மட்டும் நகரவில்லை. குழந்தையின் அத்தை முந்தானையால் அதன் முகத்தை மூடினாள். “ஏட்டி, பச்சப்பிள்ளைய என்னத்துக்கு இப்படி முறைக்கே?”

செல்வி தாயிடம் கேட்டுக் குழந்தையை வாங்கி, ஜன்னலோரம் வெள்ளைத் துணியில் கிடத்தி, நெற்றியில் விரலால் அழுத்தி எடுத்து, ரத்தம் விலகிய இடத்தின் நிறத்தைப் பார்த்தாள். சேலையை விட்டு விலகியும் மஞ்சள் போகவில்லை. ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தேன். காமாலை, அன்றைக்கே மஞ்சளை இறக்கும் நீல விளக்கொளியில் வைத்தார்கள், குழந்தை தேறியது.

வீட்டுக்குக் கிளம்பும்போது அத்தை உப்பும் மிளகாயும் கொண்டுவந்து குழந்தைக்குச் சுற்றிப்போட்டாள். “நல்லா இருந்த பிள்ள. இவ கண்ணு பட்டுல்லா மஞ்சளாயிட்டு.”

தீர்ப்பு

தலைமையாசிரியை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பாராட்டுவார் என்று நான் நின்றுகொண்டே இருந்தேன். “ஆணி இருக்கட்டும். ஆனா அந்தப் பிள்ளைய வார்டுல கொஞ்சம் பையப் பாக்கச் சொல்லுங்க, ஆளுக பயப்படுதாக.”

பார்க்கக் கற்றுக்கொடுத்ததற்கு எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்று, என் மாணவிக்குக் கொள்ளிக்கண் என்ற பெயர்தான்.