பாதி வழியில் இறங்கிய கேன்

"...மூடிய இறுக்கி வெச்சா உப்பி வெடிச்சிரும்பா, அதுங்களும் மூச்சு விடணுமில்ல?" என்றார், முசரவாக்கம் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த முறுக்கு மீசைக்காரர். மடியில் கேன். கத்திரிச் செடிக்கு அடிக்க, வெல்லம் போட்டு வளர்த்த நுண்ணுயிர்க் கரைசலாம். அடிக்கடி மூடியைத் தளர்த்திக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டார்.

"இது இன்னா பண்ணும்?" என்றேன்.

"நொதின்னு ஒண்ணு விடும். பூச்சித் தோலு அப்படியே கரைஞ்சிரும்."

தறியிலிருந்து இறக்கிய கல்யாணப் பட்டுப் புடவையோடு முன் சீட்டில் இருந்த அம்மா சட்டென்று திரும்பினார். "ஏய்யா, பட்டும் பூச்சி கக்கினதுதான? ஒரு சொட்டு தெறிச்சா என் பொடவ இன்னா ஆவறது?"

ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயெடுத்த மீசைக்காரர் நிறுத்திக்கொண்டார். கேனைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார்.

"தெர்லியேம்மா," என்றார். பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கி, வெயிலில் நடக்க ஆரம்பித்தார்.